மருத்துவ மாணவரும் ஆய்வுப் பயிற்சியும்: வழிகாட்டி என்னதான் செய்கிறார்?

'ரிசர்ச் ஏதாவது செய்திருக்கிறாயா?' என்று ஒரு மருத்துவ மாணவரிடம் கேட்டுப் பாருங்கள். 'ரெண்டு பேப்பர் வந்திருக்கு சார்' என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். கேட்டது ஆய்வைப் பற்றி. பதில் கட்டுரையைப் பற்றி. இரண்டும் ஒன்றுதான் என்று மாணவர்கள் மட்டுமல்ல, சொல்லிக்கொடுப்பவர்களிலும் பலர் நினைக்கிறார்கள். அதனால்தான் வழிகாட்டியின் கீழ் ஆய்வுப் பயிற்சி என்ற பேச்சு வந்தாலே ஆளாளுக்கு ஒன்று புரிந்துகொள்கிறோம். ஒருவருக்கு அது விடுமுறையில் யாருக்கோ தரவு சேர்த்துக் கொடுக்கும் சம்பளமில்லாத வேலை. இன்னொருவருக்கு மேற்படிப்பு விண்ணப்பத்தில் கூடுதலாக ஒரு வரி. ஆய்வு என்றாலே வெள்ளை எலிதான் என்று நினைத்து ஒதுங்கிக்கொள்பவர்களும் உண்டு.

இந்தப் பயிற்சியின் உள்ளே என்ன நடக்கிறது, அதில் வழிகாட்டிக்கு என்ன வேலை என்பதை ஆரம்பத்திலிருந்து பார்ப்போம்.

பாடப்புத்தகம் தராத பழக்கம்

மருத்துவக் கல்லூரியில் மாணவர் எழுதும் எல்லாத் தேர்வுக்கும் ஒரு பொது இயல்பு உண்டு. கேள்வித்தாள் அச்சாகும் முன்பே விடை தயாராக இருக்கும். அதை நினைவிலிருந்து எடுக்கிறாரா, காரணம் சொல்லி வந்து சேர்கிறாரா என்பதுதான் சோதனை. ஆய்வில் நிலைமை நேர்மாறு. விடை யாருக்கும் தெரியாது, வழிகாட்டிக்கும்தான். கேள்வியே சரியானதா என்பதுகூடப் பாதி வழியில்தான் தெரியவரும். வகுப்பில் முதலிடம் பெறும் மாணவர்கள் இங்கே திணறுவதைப் பார்த்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அவர்களுக்குப் பழக்கமில்லாத விளையாட்டு இது.

ஆக, வழிகாட்டியுடன் கூடிய ஆய்வுப் பயிற்சி என்பது இதுதான்: மாணவர் விடை தெரியாத உண்மையான கேள்வி ஒன்றை எடுத்துக்கொண்டு, ஆய்வில் அனுபவமுள்ள ஒருவரின் தொடர்ந்த கவனிப்பில், கேள்வியை வடிவமைப்பதிலிருந்து முடிவை எழுதுவதுவரை தானே செய்து பழகுவது.

இது பல அளவுகளில் நடக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இளநிலை மாணவர்களுக்கான குறுகிய கால ஆய்வுத் திட்டத்தை 1979-இல் தொடங்கியது. அதில் ஆய்வுக்கான காலம் இரண்டு மாதம். ஜெர்மனியில் மருத்துவ மாணவர்களில் பெரும்பாலோர் படிப்புக்காலத்திலேயே முனைவர் பட்ட ஆய்வேடு ஒன்றைத் தொடங்கிவிடுகிறார்கள். அமெரிக்காவில் மருத்துவப் பட்டத்தையும் ஆய்வுப் பட்டத்தையும் சேர்த்துப் பெறும் நீண்ட பயிற்சிக்குத் தேசிய சுகாதார நிறுவனங்கள் 1964 முதல் நிதி தருகின்றன. கால அளவு வேறுபட்டாலும் உள்ளே இயங்கும் முறை ஒன்றுதான்.

'நான் நோயாளிகளைத்தானே பார்க்கப் போகிறேன், எனக்கு எதற்கு இது?' என்பது நியாயமான கேள்வி. படித்து முடித்தபின் முப்பது நாற்பது ஆண்டுகள் மருத்துவம் பார்க்கப் போகிறீர்கள். அதற்குள் இன்று படிக்கும் சிகிச்சை முறைகள் எத்தனையோ மாறிவிடும். எந்தப் புதிய ஆய்வை நம்பலாம், எதைத் தள்ளி வைக்கலாம் என்று அப்போது சொல்லித்தர ஆள் இருக்காது. தரவு எங்கே தொலையும், எண்கள் எந்த இடத்தில் வளையும் என்பதைத் தன் கையால் ஒருமுறையாவது பட்டறிந்தவர் மற்றவர்களின் ஆய்வைப் படிக்கும் விதமே வேறு.

ஸ்டியரிங் யார் கையில்?

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவரின் வண்டியைக் கவனித்திருப்பீர்கள். அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும், ஸ்டியரிங் மட்டும் இருக்காது. வண்டியைத் திருப்புவது கற்பவர்தான். ஆபத்து வந்தால் நிறுத்துவது மட்டும் இருவருக்கும் முடியும். முதல் வாரத்தில் அவர் கால் அடிக்கடி பிரேக்கைத் தொடும். போகப்போகக் குறையும். 'கண்ணாடியைப் பார்த்தாயா?' என்று ஓயாமல் கேட்டவர் ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்திவிடுவார், ஏனென்றால் அந்தக் கேள்வியை இப்போது கற்பவர் தனக்குத்தானே கேட்டுக்கொள்கிறார்.

ஆய்வு வழிகாட்டியின் வேலையும் இதுதான். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டால், அதாவது கேள்வியையும் முறையையும் அவரே முடிவுசெய்து மாணவரைப் படிவம் நிரப்ப மட்டும் வைத்துக்கொண்டால், ஆய்வு நடக்கும், பயிற்சி நடக்காது. பக்கத்து இருக்கையில் தூங்கிவிட்டால் இரண்டுமே நடக்காது. பல இடங்களில் இந்த இரண்டாவது வகைதான் அதிகம் என்பது என் கணிப்பு. திட்ட வரைவில் கையெழுத்துப் போடும்போது ஒருமுறை, கட்டுரை தயாரானதும் ஒருமுறை, அவ்வளவுதான் தரிசனம்.

ஒப்பீட்டை இங்கேயே விட்டுவிடுவோம். சாலை ஏற்கெனவே போடப்பட்டது; ஆய்வில் சாலையையும் போட வேண்டும்.

ஒரு பூஜ்யத்தின் கதை

நிஜத்தில் எப்படி நடக்கும் என்று காட்ட ஒரு கற்பனை மாணவியை எடுத்துக்கொள்வோம். வார்டில் நோயாளிகளின் விவரம் எழுதும் கேஸ் ஷீட்டுகளைப் புரட்டும்போது அவருக்கு ஒன்று கண்ணில் படுகிறது. இரத்த அழுத்த அளவுகள் 120, 130, 140 என்று பூஜ்யத்தில்தான் அதிகம் முடிகின்றன. யாரோ தோராயமாக எழுதுகிறார்களோ?

இது மருத்துவ உலகில் நன்கு அறியப்பட்ட விஷயம்தான். அளப்பவர் தன்னை அறியாமலே சில கடைசி இலக்கங்களை அதிகம் எழுதுவதைக் கடைசி இலக்கச் சாய்வு என்று சொல்லலாம். சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் 140-க்கு 90 என்பது உயர் இரத்த அழுத்தத்தைத் தீர்மானிக்கப் பரவலாகப் பயன்படும் எல்லைக்கோடு. 136-ஐ 140 என்று எழுதினால் தேவையில்லாதவருக்கு மாத்திரை போகலாம். 143-ஐ 140 என்று எழுதினால் நோயின் தீவிரம் குறைவாகத் தெரியலாம்.

மாணவி வழிகாட்டியிடம் போகிறார். 'கேஸ் ஷீட்டில் இரத்த அழுத்தம் சரியாக எழுதப்படுகிறதா என்று பார்க்க வேண்டும்.' வழிகாட்டி கேட்கும் முதல் கேள்வி: 'சரி என்றால் என்ன?' உண்மையான அளவு என்னவாக இருந்தது என்று பழைய தாளைப் பார்த்துச் சொல்ல முடியாதே. கொஞ்சம் யோசித்தபின் கேள்வி சுருங்குகிறது: பதிவான அளவுகளில் எத்தனை சதவீதம் பூஜ்யத்தில் முடிகிறது? இது எண்ணிப் பார்க்கக்கூடியது. பெரிய ஆர்வத்தை இப்படி விடை சொல்லக்கூடிய சிறிய கேள்வியாக மாற்றும் வேலைதான் பயிற்சியின் முதல் பாடம். என்னைக் கேட்டால் முக்கியமான பாடமும் அதுதான்.

அடுத்து மாணவி சொல்கிறார்: 'இலக்கங்கள் பத்து. சாய்வே இல்லாவிட்டால் பூஜ்யம் 10 சதவீதம் வர வேண்டும்.' வழிகாட்டி மறுக்கவில்லை. 'எந்தக் கருவியில் அளந்தார்கள்?' என்று மட்டும் கேட்கிறார். வார்டுக்குப் போய்ப் பார்த்தால் விஷயம் புரிகிறது. பாதரசக் கருவியிலும் முள் கருவியிலும் கோடுகள் இரண்டிரண்டு மில்லிமீட்டராகத்தான் இருக்கும். அதில் அளந்தால் 0, 2, 4, 6, 8 மட்டுமே வர முடியும். அப்படியானால் எதிர்பார்க்க வேண்டியது 10 அல்ல, 20 சதவீதம். டிஜிட்டல் கருவி என்றால்தான் 10. ஒரே கேள்வியில் ஆய்வின் அடித்தளமே மாறிவிட்டது.

இந்த இடத்தைக் கவனியுங்கள். புள்ளியியல் புத்தகத்தில் இந்தக் கேள்வி இருக்காது. இணைய வகுப்பிலும் கிடைக்காது. பல ஆய்வுகளில் அடிபட்டவருக்குத் தானாக வரும் சந்தேகம் அது. அந்தச் சந்தேகத்தைக் கைமாற்றிக் கொடுப்பதற்குத்தான் வழிகாட்டி தேவை. அதைச் சொற்பொழிவாகக் கொடுக்க முடியாது. மாணவரின் சொந்த வேலையில், அந்தந்த நேரத்தில், துண்டு துண்டாகத்தான் கொடுக்க முடியும்.

சுருக்கமாக: ஆர்வத்தைக் கேள்வியாக்குவது மாணவரின் வேலை. அந்தக் கேள்வி எந்த இடத்தில் உடையும் என்று தட்டிப் பார்ப்பது வழிகாட்டியின் வேலை.

எண்ணுவதற்கு முன்பே இவ்வளவா?

சரி, இப்போது எண்ணத் தொடங்கலாமா? இன்னும் இல்லை. என்ன கேள்வி, யாரிடமிருந்து தரவு, எப்படி எடுப்பது, எப்படிக் கணக்கிடுவது என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் ஆவணம் ஒன்று வேண்டும். அதைத்தான் ஆய்வுத் திட்ட வரைவு, அதாவது புரோட்டோகால் என்கிறார்கள்.

அதை எழுதும்போது எத்தனை பதிவுகள் வேண்டும் என்ற கேள்வி வரும். இதற்கு மாதிரி அளவு என்று பெயர். ஒரு சதவீதத்தை 95 சதவீத நம்பகத்துடன், கூடக்குறைய 5 புள்ளி துல்லியத்தில் மதிப்பிட வேண்டுமானால் சுமார் 385 பதிவுகள் போதும். மாணவி மகிழ்ச்சியாக, 'பத்துப் பன்னிரண்டு நோயாளிகளின் ஷீட்டிலேயே 385 அளவு கிடைத்துவிடும்' என்கிறார். பிரேக்! ஒரே நோயாளியைப் பத்து நாள் அளந்த அளவுகள் தனித்தனிச் சாட்சிகள் அல்ல. அளந்தவர்களும் கருவியும் பெரும்பாலும் அதேதான். அந்தக் கணக்கு ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பதிவுகளுக்கு மட்டுமே பொருந்தும். ஆகவே நோயாளிக்கு ஒரு பதிவு.

எந்த நோயாளிகள்? மேலாக இருக்கும் ஷீட்டுகளை எடுத்தால் ஒரே வாரத்துக் கதைதான் வரும். இப்படி முடிவை ஒரே பக்கமாக இழுத்துவிடும் முறைப்பிழையை ஆய்வில் சார்பு என்பார்கள். 'பயாஸ்' என்ற சொல்லும் புழக்கத்தில் உண்டு. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தால் அது பெருமளவு குறையும்.

அப்புறம் நெறிமுறைக் குழு. நோயாளிகள் சம்பந்தப்பட்ட எந்த ஆய்வையும் தொடங்கும் முன் பரிசீலித்து அனுமதிக்கும் குழு இது. உலக மருத்துவச் சங்கம் 1964-இல் ஏற்றுக்கொண்ட ஹெல்சிங்கி பிரகடனம், மனிதர்கள் மீதான மருத்துவ ஆய்வுகளுக்கான அடிப்படை ஆவணங்களில் ஒன்று. அடையாளம் காணக்கூடிய நோயாளித் தரவும் அதன் வரம்புக்குள் வரும். 'வெறும் பழைய தாள்தானே, யாரையும் தொடப்போவதில்லையே' என்று மாணவி கேட்கலாம். விதிவிலக்கு கிடைக்கக்கூடும். ஆனால் அதை முடிவுசெய்வது குழு, ஆய்வு செய்பவர் அல்ல. வழிகாட்டி இங்கே இன்னொன்றையும் நினைவுபடுத்துவார்: அந்த ஷீட்டில் நோயாளியின் பெயர் மட்டுமா இருக்கிறது? அளவை எழுதிய செவிலியரின் கையெழுத்தும் இருக்கிறது. முடிவு வந்தபின் யாராவது 'யார் இப்படி எழுதியது?' என்று தேடக் கிளம்பினால்? அதனால் எழுதியவர் யார் என்ற விவரத்தைச் சேகரிக்கவே வேண்டாம்.

பிறகு, முழு ஆய்வுக்கு முன் இருபது ஷீட்டில் ஒரு வெள்ளோட்டம். அதில்தான் எதிர்பாராத கூத்தெல்லாம் வெளிவரும். ஒன்றில் மேல் அளவு மட்டும் இருக்கும். இன்னொன்றில் 130-ஐ அடித்து 132 என்று திருத்தியிருப்பார்கள். வேறொன்றில் 'நார்மல்' என்று எழுதி முடித்திருப்பார்கள். எதை எடுப்பது, எதை விடுவது என்ற விதியை இப்போதே எழுதிவிட வேண்டும். முடிவைப் பார்த்தபின் விதி எழுதினால் அது முடிவுக்கு ஏற்ற விதியாகத்தான் அமையும்.

இரண்டு மாதப் பயிற்சியில் பாதிக் காலம் தரவைத் தொடாமலே போய்விட்டதே என்று மாணவர்கள் புலம்புவதுண்டு. அந்தப் பாதிதான் பயிற்சி. எண்ணுவதை யாரும் செய்யலாம்.

எண்கள் வந்தபின் வரும் ஆசை

தரவு வந்துவிட்டது. இரவு நேரப் பதிவுகளில் பூஜ்யம் பகலைவிட மிக அதிகம் என்று வைத்துக்கொள்வோம். மாணவி உடனே, 'இரவுப் பணியில் களைப்பு, அதனால் தோராயமாக எழுதுகிறார்கள்' என்று எழுதிவிடுகிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வழிகாட்டி: 'டிஜிட்டல் கருவி இரவில் எங்கே இருக்கும்?' விசாரித்தால், அதை மாலையிலேயே அலமாரியில் பூட்டிவிடுகிறார்கள், இரவில் முள் கருவிதான். அப்படியானால் வித்தியாசத்துக்குக் காரணம் களைப்பாக இல்லாமல் கருவியாகவும் இருக்கலாம். இப்படி இரண்டு விஷயங்களோடும் பின்னிக்கொண்டு, ஒன்று மற்றதற்குக் காரணம் என்று நம்மை நம்பவைக்கும் மூன்றாவது விஷயத்துக்குக் குழப்பும் காரணி என்று பெயர். ஒரே வகைக் கருவியின் பதிவுகளை மட்டும் எடுத்து இரவையும் பகலையும் ஒப்பிட்டால்தான் களைப்பைப் பற்றி ஏதாவது பேச முடியும்.

இன்னொரு ஆசையும் வரும். எதிர்பார்த்தது கிடைக்காவிட்டால் தரவை வார்டு வாரியாக, வயது வாரியாக, கிழமை வாரியாகப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பது. 'தற்செயல் அல்ல' என்று சொல்ல வழக்கமாக வைக்கும் வரம்பு 5 சதவீதம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருபது ஒப்பீடுகளை அந்த வரம்பில் செய்தால், உண்மையில் எதுவுமே இல்லாத இடத்திலும் ஒன்றாவது பெரிய கண்டுபிடிப்பு போலத் தோன்ற 64 சதவீத வாய்ப்பு உண்டு. இந்தக் கணக்கு தெரியாமல் செய்பவர் அப்பாவி. தெரிந்தே மாணவரைச் செய்யச் சொல்லும் வழிகாட்டியை என்ன சொல்வது?

சாய்வு எதுவும் இல்லை என்று முடிவு வந்தாலும் அது முடிவுதான். கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. 'நெகட்டிவ் ரிசல்ட்' என்று துக்கம் விசாரிக்க வேண்டியதில்லை.

இதுவரை பார்த்ததில் ஒரு ஒழுங்கு தெரிகிறதா? மாணவி ஒரு படி எடுக்கிறார், வழிகாட்டி ஒரு கேள்வி கேட்கிறார், மாணவி போய்ப் பார்த்துத் திருத்திக்கொள்கிறார். பயிற்சி என்பது இந்தச் சுற்றுதான். அது எத்தனை முறை சுற்றியது என்பதைப் பொறுத்தது பயன்.

மாணவர் வழிகாட்டியை மிஞ்சும்போது

வழிகாட்டி சொல்வதே சரியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதற்கு ஜே மெக்லீனின் கதையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவரான அவருக்கு, உடலியங்கியல் பேராசிரியர் வில்லியம் ஹவெல் அளவான ஒரு வேலை கொடுத்தார். இரத்தத்தை உறையவைக்கும் கெஃபாலின் என்ற கொழுப்புப் பொருளின் செயலைச் சோதிக்க வேண்டும். மெக்லீன் மூளை, இதயம், கல்லீரல் ஆகியவற்றிலிருந்து சாறுகளைப் பிரித்தெடுத்தார். பழைய சாறுகளையும் தூக்கிப் போடாமல் வைத்திருந்து திரும்பத் திரும்பச் சோதித்தபோது ஒரு விசித்திரம்: கல்லீரல் சாறு உறையவைக்கும் திறனை இழந்ததோடு நிற்காமல், இரத்தம் உறைவதைத் தடுக்கவும் தொடங்கியிருந்தது.

ஹவெல் நம்பவில்லை. பூனை இரத்தத்தில் அந்தச் சாற்றைக் கலந்து ஹவெலின் மேசைமேல் வைத்து, 'எப்போது உறைகிறது என்று சொல்லுங்கள்' என்று கேட்டதாகவும், அது உறையவே இல்லை என்றும் மெக்லீன் பல ஆண்டுகள் கழித்து எழுதினார். 1916-இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயர் மட்டுமே இருந்தது. பின்னர் ஹவெல் அந்தப் பாதையில் தொடர்ந்து, 1918-இல் இரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருளுக்கு ஹெபரின் என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இன்று மருத்துவமனைகளில் ஊசியாகப் போடும் ஹெபரின் வேதியியல் ரீதியில் மெக்லீன் கண்ட பொருள் அல்ல. ஆனால் தேடலைத் தொடங்கிவைத்தது அந்தப் பழைய சாறுதான். கண்டுபிடிப்பின் பெருமை யாருக்கு என்ற சர்ச்சையும் பிற்பாடு கிளம்பியது.

ஹவெல் இங்கே செய்தவற்றைப் பாருங்கள். ஒரு மாணவரால் முடிக்கக்கூடிய கேள்வியைக் கொடுத்தார். எதிர்பாராத முடிவு வந்தபோது சந்தேகப்பட்டார், ஆனால் வாயை அடைக்கவில்லை. நிரூபணத்தைப் பார்த்தார். தன் பெயரைச் சேர்க்காமல் கட்டுரையை வெளியே விட்டார். நூறு ஆண்டு கழித்தும் இந்த நான்கும் ஒரே ஆளிடம் அமைவது அபூர்வம்.

கட்டுரையில் யார் பெயர்?

இதில் உணர்ச்சி அதிகம், விதி எளிது. மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு ஆசிரியர் என்ற தகுதிக்கு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. ஆய்வின் வடிவமைப்பிலோ தரவிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு வேண்டும்; எழுதுவதிலோ ஆழமாகத் திருத்துவதிலோ பங்கு வேண்டும்; இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும்; ஆய்வின் நேர்மைக்குப் பொறுப்பேற்க வேண்டும். நான்கும் சேர்ந்து இருந்தால்தான் ஆசிரியர். துறைத் தலைவர் என்ற பதவியோ, நிதி வாங்கித் தந்ததோ மட்டும் போதாது. இதே அளவுகோலில், தரவு மட்டும் சேகரித்துக் கொடுத்த மாணவருக்கும் நன்றியுரையில்தான் இடம். கசப்பாக இருக்கலாம். ஆனால் இதைக் காரணம் காட்டி எழுதும் வேலையிலிருந்து மாணவரை ஒதுக்கிவைக்கக் கூடாது; மற்ற நிபந்தனைகளிலும் பங்கேற்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்று அந்தக் குழுவே சொல்கிறது. இந்தப் பேச்சைத் தொடக்கத்திலேயே பேசிவிடுவது எல்லாருக்கும் நல்லது.

சேரும் முன் என்ன பார்ப்பது?

புகழ்பெற்ற பெயர் நல்ல வழிகாட்டி என்பதற்கு அத்தாட்சி ஆகாது. பெரிய ஆய்வாளருக்கு நேரம் இருக்காது. அப்படியானால் அவர் குழுவில் இருக்கும் இளைய ஆய்வாளர் ஒருவர் அன்றாட வழிகாட்டியாக இருப்பாரா என்று கேளுங்கள். பல வெற்றிகரமான ஏற்பாடுகளில் ஒரே ஆள் எல்லாவற்றையும் செய்வதில்லை: துறை அறிவுக்கு ஒருவர், புள்ளியியலுக்கு ஒருவர், தினசரிச் சந்தேகத்துக்கு இரண்டு வருடம் சீனியர் ஒருவர். வாரம் அரை மணி நேரம் நிச்சயமாகக் கிடைக்குமா என்பது அவர் எத்தனை கட்டுரை எழுதியிருக்கிறார் என்பதைவிட முக்கியமான விவரம்.

கேள்வி உங்களுக்குக் கிடைத்திருக்கும் காலத்துக்குள் அடங்குமா என்றும் பாருங்கள். இரண்டு மாதத்தில் புதிய மருந்தின் பலனைக் கண்டறியப் போகிறேன் என்று யாராவது சொன்னால் சந்தேகப்படுங்கள். பெரிய ஆய்வொன்றின் சிறு துண்டு கிடைத்தால் தயங்க வேண்டாம். அந்தத் துண்டுக்குள் கேள்வி, முறை, முடிவு மூன்றிலும் உங்கள் கை இருக்கிறதா என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட எளிய வழி, அவரிடம் முன்பு வேலை செய்த மாணவரைத் தேடிப் பிடிப்பது. 'பேப்பர் வந்ததா?' என்று கேட்காதீர்கள். 'அவர் சொன்னது தவறு என்று உங்களுக்கு எப்போதாவது தோன்றியதா, சொன்னீர்களா, சொன்னபோது அவர் என்ன செய்தார்?' என்று கேளுங்கள்.